வாசகர் கேள்வி: மெயிலை வெட்டலாமா, ஒட்டலாமா?

ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்டக்காரர்களுக்கு ஒரு மெயில் குழு உண்டு. யாராவது நீளமாக எழுதினால், பத்துப் பேர் அதை முழுசாகக் கீழே தொங்கவிட்டு மேலே 'சூப்பர்' என்று ஒரு வார்த்தை போடுகிறார்கள். பதிலைக் கீழேதான் எழுத வேண்டும் என்கிறார் ஒரு பெரியவர். எது சரி? (வாசகர், ஏற்காடு)

பழைய வழக்கம் பெரியவர் பக்கம்தான். ஆனால் அவர் பிடிக்க வேண்டியது மேலா கீழா என்பதை அல்ல, அளவை. 1995 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பு சொல்வது இதுதான்: முந்தைய கடிதத்தின் சாரத்தை முதலில் சொல்லுங்கள், இல்லையென்றால் எதற்குப் பதில் என்று தெரியும் அளவுக்கு மட்டும் அதிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

ஒருவர் ஒரே மெயிலில் தண்டுத் துளைப்பானுக்கு இப்போதே சுண்ணாம்பு அடிக்கலாமா, சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏற்றலாமா, நிழல் மரத்தைக் கவாத்து பண்ணலாமா என்று மூன்று கேட்கிறார். நீங்கள் உச்சியில் 'தாராளமா செய்யுங்க' என்று எழுதினால் அவர் எதைச் செய்வார்? கேள்வி வரி ஒன்றை விட்டு, அதற்கு நேர் கீழே பதில், அப்புறம் அடுத்த வரி, அதற்குப் பதில், மீதியெல்லாம் டெலிட். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் வேண்டிய வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ரிப்ளை அழுத்தினால் அது மட்டுமே வரும்.

ஜிமெயிலில் பழைய மெயில் மூன்று புள்ளிக்குள் ஒளிந்துகொள்வதால் அனுப்புகிறவருக்கு அந்த வால் உறுத்துவதே இல்லை; சிக்னல் ஒற்றைக் கோட்டில் ஆடும் எஸ்டேட்டில் உட்கார்ந்து மொத்தத்தையும் இறக்குகிறவரைக் கேளுங்கள். இரண்டு பேருக்குள் நடக்கும் ஆபீஸ் மெயிலில் மேலே எழுதுவதில் தப்பில்லை. வெறும் 'சூப்பர்' என்றால் அவருக்கு மட்டும் அனுப்புங்கள், குழுவுக்கு எதற்கு?

பழைய மாணவிகள் குழுவின் மெயில்களை ஒரு நாளைக்கு ஒரே கட்டாக, டைஜஸ்டாக வாங்குகிறேன். நான் பதில் போட்டால் யாருக்கும் தலைகால் புரியவில்லையாம். (வாசகி, அழகாபுரம், சேலம்)

சப்ஜெக்டில் டைஜஸ்டின் எண்தானே போகிறது, கூடவே அன்றைய மெயில் அத்தனையும்! சப்ஜெக்டை அழித்து அந்தக் கடிதத்தின் தலைப்பைப் போடுங்கள், எழுதியவர் பெயரையும் வேண்டிய வரியையும் விட்டு மற்றதை வெட்டுங்கள். அப்படியும் உங்கள் பதில் தனியாக நிற்கலாம், ஏனென்றால் எந்த மெயிலுக்கு எது பதில் என்று காட்டும் குறிப்பு கண்ணுக்குத் தெரியாமல் தலைப்பகுதியில் இருக்கிறது, டைஜஸ்டுக்குப் பதில் போட்டால் அது அறுந்துவிடும். அடிக்கடி எழுதுகிறவர் என்றால் தனித்தனி மெயிலாக வாங்குங்கள்.

எனக்குத் தனியாக வந்த மெயிலைக் குழுவில் போட்டேன். ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை, ஆனாலும் அவர் கோபித்துக்கொண்டார். (வாசகர், சூரமங்கலம்)

கோபம் நியாயம்தான். தனி மெயிலைப் பொதுவில் வைக்கும் முன் கேட்க வேண்டும், அதே 1855 இதையும் சொல்கிறது. வார்த்தையை மாற்றாமல் இருப்பது அடுத்த விஷயம், அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'கூட்டத்தை ஏற்காட்டில் வைக்கலாம், ஆனால் மே மாதம் கோடை விழா நேரத்தில் ரூம் கிடைக்காது' என்று அவர் எழுதியதில் 'ஆனால்' வரைக்கும் வெட்டி ஒட்டினால், எழுத்து மாறவில்லை, மனுஷன் சொன்னது தலைகீழாகிவிட்டது. வெட்டுவது சுமையைக் குறைக்க மட்டும்தான். குழுவில் போட்டதால் மன்னிப்பையும் குழுவிலேயே கேளுங்கள், அவர் மெயிலை மறுபடி ஒட்டாமல்.

மெயிலின் அடியில் பெயர், பட்டம், பதவி, திருக்குறள் எல்லாம் போடலாமா? (வாசகர், ஆத்தூர்)

நாலு வரிக்குள் அடங்கினால் போடுங்கள். குறளுக்கே இரண்டு வரி போய்விடும், பதவியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.