குருணைத் தீவனத்தைத் தொடாத ஊசிமீன்

வணக்கம் நண்பரே. உங்கள் நன்னீர் ஊசிமீன் குருணைத் தீவனத்தைச் சீண்டவே இல்லை, கண்ணாடியில் முட்டி வாய் நுனியும் சிவந்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வேறு குருணைக்கு மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. நீர்மட்டத்தை ஒட்டி அசையாமல் நின்று, அசையும் இரையைப் பார்த்துப் பாய்கிற மீன் அது. மிதக்கும் குருணை அதன் கண்ணுக்கு இரையே அல்ல.

முதலில் உயிருள்ள சிறு கப்பி மீன்களோ இறால்களோ கொடுங்கள். வீட்டில் வளர்த்தவையாக இருந்தால் நோய் பயம் குறைவு. தங்கமீன் குஞ்சுகளை வழக்கமான இரையாக்க வேண்டாம். அவற்றிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். நன்றாகத் தின்னத் தொடங்கியபின், இறால் துண்டை நீண்ட இடுக்கியில் பிடித்து நீர்மட்டத்தில் மெல்ல ஆட்டிக் காட்டுங்கள். சில மீன்கள் பழகும், சில பழகவே பழகாது.

எனக்குப் பெரிய கவலை அந்த வாய்க் காயம்தான். மிரண்டுதான் மோதுகிறது. விளக்கைக் குறைத்து, மிதக்கும் செடிகள் விட்டு, தொட்டியின் பின்புறத்தையும் பக்கங்களையும் கருந்தாளால் மறையுங்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும், இல்லையென்றால் புண்ணில் பூஞ்சை பிடிக்கும். 30 செ.மீ. தாண்டி வளரக்கூடிய மீன், ஆகவே நீளமும் அகலமுமான தொட்டி அவசியம். மூடியில் சின்ன இடைவெளிகூட விடாதீர்கள், துள்ளி வெளியே விழுந்துவிடும்.