ஆகஸ்ட் 31, செப்டம்பர் 16: எது நம் தேசிய தினம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பினாங்கில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். தேசிய தினத்தை ஆகஸ்ட் 31-லேயே வைத்துக்கொள்வதா, செப்டம்பர் 16-க்கு மாற்றுவதா என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். ‘மலேசியா 1957-இல் சுதந்திரம் பெற்றது’ என்று எழுதாதீர்கள். சுதந்திரம் பெற்றது மலாயா. மலேசியா என்றொரு நாடு அன்று இல்லை. மலாயாவோடு சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து 1963 செப்டம்பர் 16-இல்தான் அது பிறந்தது.

ஜெலுத்தோங் வாசகர்: மலேசியாவையும் ஆகஸ்ட் 31-இல் அமைப்பதாகத்தானே இருந்தது? ஏன் தள்ளிப்போனது?

ஆமாம் ஐயா, 1963 ஜூலை 9-இல் லண்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் ஆகஸ்ட் 31 என்றுதான் இருந்தது. இந்தோனேசியா எதிர்த்தது. பிலிப்பைன்ஸ் சபாவுக்கு உரிமை கோரியது. மூன்று நாட்டுத் தலைவர்களும் மணிலாவில் கூடி, சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை ஐ.நா. நேரில் விசாரிக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். ஐ.நா. அதிகாரி மிச்செல்மோர் தலைமையில் குழு வந்தது. அது விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, ஆகஸ்ட் 29-இல், செப்டம்பர் 16 என்று கோலாலம்பூர் அறிவித்துவிட்டது. ஜகார்த்தாவின் கோபத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஐ.நா. அறிக்கை செப்டம்பர் 14-இல் வெளியானது. இரண்டு நாள் கழித்து மலேசியா பிறந்தது.

சபாவின் கோத்தா கினபாலுவில் வேலை செய்யும் தம்பி: ஆகஸ்ட் 31 வந்தால் இங்கே சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஏன்?

அவர்களுடைய வருத்தம் ஆண்டுக் கணக்கைப் பற்றியது, தம்பி. 1957-இல் சபாவும் சரவாக்கும் பிரிட்டிஷ் காலனிகள். சபாவை அதற்கு முன் ஒரு வணிக நிறுவனம் ஆண்டது. சரவாக்கை 1841 முதல் புரூக் குடும்பம் ஆண்டது. 1946-இல் அந்தக் குடும்பம் நாட்டைப் பிரிட்டனிடம் ஒப்படைத்தபோது எதிர்ப்பு கிளம்பி, 1949-இல் சிபுவில் ஆளுநர் டங்கன் ஸ்டூவர்ட் குத்தப்படும் அளவுக்குப் போனது. இப்படியொரு வரலாறு உள்ளவர்களிடம் ‘நமக்கு 1957-இல் விடுதலை’ என்றால் எப்படி இருக்கும்? சபாவுக்கு ஆகஸ்ட் 31 அந்நியத் தேதி அல்ல. 1963-இல் அதே நாளில்தான் அங்கே தன்னாட்சி வந்தது. சரவாக்கில் அது ஜூலை 22.

செப்டம்பர் 16 எப்போதிலிருந்து நாடு முழுவதும் பொது விடுமுறை?

2010.

பட்டர்வொர்த் வாசகர்: மலாயா காலனியாகவே இருந்ததில்லை, பிரிட்டிஷ் பாதுகாப்பில்தான் இருந்தது என்று 2011-இல் ஒரு பேராசிரியர் சொன்னாரே. அப்படியானால் எதிலிருந்து சுதந்திரம்?

சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால், மலாய் மாநிலங்களைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சுல்தான்கள் இறையாண்மை உள்ளவர்கள். ஆனால் பேராக் மாநிலம் தொடர்பாகப் பிரிட்டிஷார் 1874-இல் செய்த பாங்கோர் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். மலாய் மதம், வழக்கம் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுல்தான், ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் ஆலோசனையைக் கேட்க வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும். வரியும் அதில் அடக்கம். இதற்கு ஆலோசனை என்று பெயர். பேராக்கின் முதல் ரெசிடெண்ட் பர்ச் மறு ஆண்டே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார்.

ஆனால் கேட்கும் நீங்கள் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்காரர். பினாங்கின் கதையே வேறு. 1786 ஆகஸ்ட் 11-இல் பிரான்சிஸ் லைட் தீவில் கொடியேற்றினார். 1867 வரை பிரிட்டிஷ் இந்திய அரசின் கீழ் இருந்தோம், பிறகு லண்டன் நேரடியாக ஆளும் முடியாட்சிக் காலனி ஆனோம். இங்கே பாதுகாப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதே வாசகர்: சட்டப்படி காலனி இல்லை என்றால் இல்லைதானே? உணர்ச்சியை ஏன் கலக்கிறீர்கள்?

சரி, சட்டத்தையே பேசுவோம். 1948-இன் மலாயாக் கூட்டரசு ஒப்பந்தப்படி, பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து நிரந்தரமாக இங்கே வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜை தானாகவே கூட்டரசுக் குடிமகன். கெடா தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கு, பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்றால், அங்கே பிறந்ததால் மட்டும் அந்த உரிமை கிடைத்துவிடாது. எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம் பிறந்தால் ஒன்று, அந்தப் பக்கம் பிறந்தால் வேறு. காலனி, பாதுகாப்பு என்ற வேறுபாடு நம் சனங்களின் வாழ்க்கையில் இப்படித்தான் இறங்கியது.

1957 ஆகஸ்ட் 31 முதல் மலாயாவில் எங்கே பிறந்தாலும் குடிமகன் என்றது புதிய அரசியலமைப்பு. (1962-இல் அதையும் சுருக்கினார்கள்.) என் அண்ணன் 1955-இல் கெடாவில் தோட்ட லயத்தில் பிறந்தவர். நான் அதே லயத்தில் 1958-இல் பிறந்தேன். எனக்கு நீல ஐசி, அதாவது குடிமகனுக்கான அடையாள அட்டை; அண்ணனுக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசி. அவர் பிறகு விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கினார். மலாய்த் தேர்வுக்காக இரவில் மண்ணெண்ணெய் விளக்கில் வாய்விட்டுப் படித்தது எனக்கு நினைவிருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிந்தைய முதல் ஓராண்டில் விண்ணப்பித்த, மலாயாவில் பிறந்த பெரியவர்களுக்கு அந்தத் தேர்வே இல்லை. (அண்ணன் அப்போது குழந்தை.) எங்கள் தோட்டத்தில் அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஆகஸ்ட் 31-ஐக் காலண்டரில் கீழே இறக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு அண்ணனின் அந்த அட்டைதான் கண்முன் வரும்.

அப்படியானால் தேதியை மாற்றக் கூடாது என்கிறீர்களா?

மாற்ற வேண்டாம். ஆனால் நாட்டின் பிறந்த நாள் செப்டம்பர் 16 என்பதை அரசும் பள்ளிகளும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். இப்போது ஆகஸ்ட் 31-க்கு ஒரு மாதம் கொடி கட்டுகிறோம், செப்டம்பர் 16-க்கு அதே கொடியை அவிழ்க்காமல் விட்டுவைக்கிறோம்.

சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ குவான் யூ பிறந்த நாள் என்பதால்தான் செப்டம்பர் 16-ஐத் தேர்ந்தெடுத்தார்களாமே?

அவர் 1923-இல் அந்த நாளில் பிறந்தது உண்மை. தேதி தள்ளிப்போனதன் காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

மலேசியா சுதந்திரம் பெற்றது 1957-லா, 1963-லா?

மலாயா 1957. தொடக்கத்திலேயே எழுதினேன், தயவுசெய்து படியுங்கள்.

இரண்டு விடுமுறைக்கும் இரட்டைச் சம்பளம் உண்டா?

மனிதவளத் துறையில் கேளுங்கள்.

மலேசியா 1957-இல் சுதந்திரம் பெற்றபோது சிங்கப்பூரும் சேர்ந்திருந்ததா?

மலாயா! சிங்கப்பூர் சேர்ந்தது 1963-இல், பிரிந்தது 1965 ஆகஸ்ட் 9-இல்.

செந்தூல் தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பிள்ளைகள் வகுப்பில் சுவரொட்டி வரைகிறார்கள். என்ன எழுதச் சொல்ல, சார்?

இரண்டு வரையச் சொல்லுங்கள், டீச்சர். ஒன்றில் ‘மலாயா, 31.8.1957’. மற்றதில் ‘மலேசியா, 16.9.1963’. அப்புறம், வீட்டில் தாத்தா பாட்டியின் பழைய ஐசி இருந்தால் அதன் நிறம் என்ன என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.