வார்ட்டன் மறுபதிப்பில் படங்கள் கறுப்புத் திட்டுகளாக இருப்பது பற்றி

நீங்கள் வாங்கிய ஈடித் வார்ட்டனின் வீட்டு அலங்கார நூல் மறுபதிப்பில் படங்கள் கறுப்புத் திட்டுகளாகத் தெரிகின்றன, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பிரதியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதற்குப் பதிலாக, மேசைமேல் வைத்துப் புரட்ட இத்தாலிய எழுத்தாளர் மாரியோ பிராஸ் 1964இல் வெளியிட்ட உள்அலங்கார வரலாற்று நூலின் பழைய பிரதியைத் தேடுங்கள். பழைய காலத்து அறைகளை அந்தந்தக் காலத்து ஓவியர்களே வரைந்த படங்கள். திரைச்சீலை மடிப்பு வரை தெரியும்.

அமெரிக்க நாவலாசிரியர் ஈடித் வார்ட்டனும் கட்டடக்கலைஞர் ஆக்டன் காட்மேனும் எழுதிய ‘த டெகரேஷன் ஆஃப் ஹவுசஸ்’ 1897இல் வந்தது. காப்புரிமை முடிந்துவிட்டதால் யாரும் அச்சிடலாம். உங்களுக்கு வந்தது, ஸ்கேனை வைத்து ஆர்டர் வந்தபின் அச்சடித்த பிரதியாக இருக்கலாம்.

கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். அச்சிட்ட தேதி நீங்கள் ஆர்டர் செய்த நாளை ஒட்டி இருந்தால் அதேதான். அப்புறம், இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக உள்ள ஸ்கேனோடு ஒரு படத்தை ஒப்பிடுங்கள். அங்கே தெளிவாக இருந்தால் கோளாறு அச்சில்தான்.

ஒன்று, நல்ல பதிப்பு கிடைத்தாலும் வார்ட்டன் நூல் கறுப்பு வெள்ளைதான். கதவு, ஜன்னல், கணப்பு எல்லாம் என்ன அளவில் இருக்க வேண்டும் என்று வாதாடும் புத்தகம் அது. படிக்க அருமை, அலங்காரத்துக்கு வைக்க அல்ல. பிராஸ் நூலிலும் எல்லாப் படமும் வண்ணம் இல்லை. கனமான புத்தகம் வேறு, தபால் செலவை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.