இணைய அழைப்பை லேண்ட்லைனுக்கு மாற்றிவிடும் அமைப்பை மாணவர்களே செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். இதற்கு அதிகம் பயன்படும், கம்ப்யூட்டரையே டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக மாற்றும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளையே 1999-ல் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர்தான் எழுதினார், தன் சிறு நிறுவனத்துக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வாங்கக் காசு போதாமல்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதை நிறுவி, லேண்ட்லைன் வயரை வெளி லைனை இணைக்கும் எஃப்எக்ஸ்ஓ (FXO) போர்ட் உள்ள கார்டில் செருகுங்கள் (எஃப்எக்ஸ்எஸ் (FXS) வாங்கிவிடாதீர்கள், அது போன் கருவியை இணைப்பதற்கானது). இணையத்தின் பக்கத்தில், எஸ்ஐபி (SIP) என்ற நெறிமுறை அழைப்பைத் தொடங்கி முடிக்கும், குரல் ஆர்டிபி (RTP) என்ற இன்னொரு நெறிமுறையில் பாக்கெட்டுகளாகத் தனியே போகும். எந்த எண் எந்த வழியில் போக வேண்டும் என்பதை ஆஸ்டரிஸ்க்கின் டயல்பிளான் என்ற விதிப் பட்டியலில் எழுதுவதுதான் உங்கள் முக்கிய வேலை.

குரலை டிஜிட்டலாக்கும் ஜி.711 முறையில் நொடிக்கு 8000 மாதிரிகள், தலா 8 பிட், அதாவது நொடிக்கு 64 கிலோபிட். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் அனுப்பினால் ஐபி தலைப்புகளோடு சேர்ந்து ஒவ்வொரு திசையிலும் 80 கிலோபிட் ஆகிவிடும்.

உண்மையில் படுத்தி எடுப்பது எதிரொலி. லேண்ட்லைனில் இரண்டே கம்பியில் இருவர் குரலும் போகிறது, அதைப் பிரிக்கும் இடத்தில் கொஞ்சம் திரும்பி வரும், சாதாரண அழைப்பில் காதுக்குத் தெரியாத அது இணையத் தாமதத்தோடு சேரும்போது பேசுகிறவருக்குத் தன் குரலே தெளிவாகக் கேட்கும். இந்த எதிரொலியை நீக்கும் எக்கோ கேன்சலரை முதல் நாளே போட்டுவிடுங்கள். அப்புறம், எதிர்முனை போனை வைத்ததை எஃப்எக்ஸ்ஓ சில சமயம் உணராது, லைன் பிஸியாகவே கிடக்கும். நாட்டுக்கு நாடு பிஸி டோன் வேறு என்பதால் உங்கள் ஊர் டோனை அமைப்பில் சரியாகக் கொடுங்கள்.

பல நாடுகளில் இப்படி இணைக்க உரிமம் வேண்டும், அதனால் பொது லைனைத் தொடுவதற்கு முன் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.