அசிட் பட்ட மார்பிள் மறுபடி மினுங்குமா?

போன இதழில் சீமெந்துத் தரை பற்றி எழுதும்போது மார்பிளையும் இரண்டு வரி தொட்டுவிட்டேன், அதற்கே இவ்வளவு கடிதம் வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இடமில்லை. அடிக்கடி கேட்கப்பட்டதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகன் கட்டாரில் இருந்து அனுப்பிய காசில் சாமி அறைக்கு வெள்ளை மார்பிள் போட்டோம். பொங்கலுக்கு வீடு கழுவும்போது, எண்ணெய்க் கறை போகட்டும் என்று பாத்ரூம் கழுவுகிற அசிட்டை ஊற்றித் தேய்த்தேன். இப்போது அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசியது போல வெளிறிக் கிடக்கிறது. எதை வாங்கித் துடைத்தால் பழைய மினுக்கம் வரும்?
– வாசகி, ஹட்டன்

பதில்: துடைக்க என்று எதையும் வாங்காதீர்கள் அக்கா. துடைத்து எடுக்க அங்கே அழுக்கு எதுவும் இல்லை, கல்லின் மேல்தோல்தான் போயிருக்கிறது. பூமிக்கு அடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்து உருமாறிய சுண்ணாம்புக்கல்தான் மார்பிள். அசிட்டுக்கும் சுண்ணாம்புக்கும் ஆகாது. ஊற்றிய உடனே நுரை பொங்கியிருக்கும், நீங்களும் ஊத்தை கழன்று வருகிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றியிருப்பீர்கள். அந்த நுரை, கல் கரையும்போது கிளம்புகிற கரியமில வாயு.

உங்களைக் குறை சொல்லவில்லை, நானே செய்த வேலைதான். தங்கச்சி கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, தேசிக்காய்த் தண்ணீர் குடித்த கிளாஸ் ஒன்று எங்கள் மார்பிள் மேசையிலேயே இருந்துவிட்டது. காலையில் பார்த்தால் கிளாஸின் அடி அளவுக்கு அச்சடித்தது போல ஒரு வளையம். சவர்க்காரம் போட்டேன், போகவில்லை, யாரோ சொன்னார்கள் என்று வினாகிரியும் போட்டுத் தேய்த்தேன், அவ்வளவுதான், வளையம் இருந்த இடத்தில் முழு நிலாவே வந்துவிட்டது. புளி, தக்காளி, தயிர், வினாகிரி, தேசிக்காய் என்று நம் குசினியில் புளிக்கிற சாமான் எல்லாமே இந்தக் கல்லுக்கு எதிரி.

முதலில் காயம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு டோர்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் நல்ல இடம் கண்ணாடியாகவும் கெட்ட இடம் கடதாசியாகவும் தெரியும். அதன் ஓரத்தில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் எங்கேயும் தட்டாமல் வழுக்கினால், மார்பிள் பொலிஷ் பவுடர் போதும்: கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, ஈரத் துணியால், கை வலிக்க வலிக்க வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் மினுங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், உள்ளங்கை அளவு இடத்துக்கே அரை மணி நேரம் போகலாம். வாங்கும்போது டப்பாவில் ஒக்ஸாலிக் அசிட் என்று போட்டிருந்தால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அது விஷம்.

நகம் தட்டினால் மெஷின் வேலைதான். டயமண்ட் பேட் என்று ஹார்ட்வெயாரில் வட்ட வட்டமாக விற்பார்களே, அதில் 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று இலக்கம் இருக்கும், இலக்கம் ஏற ஏற பேட் மிருதுவாகும். தண்ணீர் விட்டு விட்டு, ஒவ்வொன்றாக ஏறிப் போக வேண்டும். ஒவ்வொரு பேடும் தனக்கு முந்திய பேட் போட்ட கீறலை அழித்துவிட்டுத் தன் சின்னக் கீறலை விட்டுப் போகும், கடைசிக் கீறல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வரும்போது அதைத்தான் நாம் மினுக்கம் என்கிறோம். இதில்தான் தரை தீட்ட வருகிற சில பாஸ்மார் விளையாடுவார்கள். 200 முடிந்ததும் நேரே 1500க்குப் போய், மேலே மெழுகைத் தடவிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போவார்கள், அன்றைக்கு ஜோராக இருக்கும், இரண்டு மாதத்தில் மெழுகு தேய்ந்ததும் வட்டக் கீறல் எல்லாம் வெளியே வரும். பாஸ் வேலை செய்யும்போது தேத்தண்ணி கொடுக்கிற சாக்கில் பக்கத்திலேயே நில்லுங்கள். அசிட் பட்ட துண்டை மட்டும் தீட்டினால் அது தனியாகத் தெரியும், சாமி அறை சின்னது என்றால் முழுவதையும் தீட்டச் சொல்வது நல்லது.

கேள்வி: குத்துவிளக்கு வைக்கிற இடத்தில் எண்ணெய் ஊறிக் கறுத்துவிட்டது. பக்கத்தில் மஞ்சள் கறையும் இருக்கிறது. இதற்கும் தீட்டத்தான் வேண்டுமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: வேண்டாம். ஹட்டன் அக்காவுடையது கல் வெந்த கதை, உங்களுடையது கல் குடித்த கதை. குடித்ததை வெளியே உறிஞ்சி எடுக்க வேண்டும். ஆட்டாமா பதத்துக்கு ஒரு பற்று போடுங்கள்: அப்பச்சோடாவையோ சோக்குப் பொடியையோ எடுத்து, எண்ணெய்க் கறைக்கு அசிட்டோன் விட்டுக் குழைத்து, கறையைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே வருகிற மாதிரி அரை அங்குலம் கனமாக அப்புங்கள். பொலித்தீனால் மூடி ஓரத்தை டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள், அப்புறம் பொலித்தீனை எடுத்துவிட்டுப் பற்று தானாகக் காயும்வரை தொடாதீர்கள். காயும்போதுதான் எண்ணெய் கல்லில் இருந்து பற்றுக்கு ஏறும். பிறகு மரக்கரண்டியால் சுரண்டி எடுத்துத் துடைக்கலாம். வருசக்கணக்கில் ஊறிய எண்ணெய் ஒரே பற்றில் போகாது, இரண்டு மூன்று தடவை போட வேண்டி வரும். ஒரு விஷயம், அசிட்டோன் குப்பென்று தீப்பற்றும், அதனால் அந்த வேலை முடியும்வரை சாமிக்கு விளக்கை வேறு இடத்தில் ஏற்றுங்கள், ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

மஞ்சளுக்கு அதே பற்றுதான், அசிட்டோனுக்குப் பதில் பார்மசியில் கிடைக்கிற ஹைட்ரஜன் பெரொக்சைட். வெயில் விழுகிற இடமாக இருந்தால் கொஞ்ச நாள் சும்மா விட்டுப் பாருங்கள், மஞ்சள் நிறம் வெயிலுக்குத் தானாக வெளுக்கும். கறுப்பு, பச்சை மார்பிளில் பெரொக்சைட் வேண்டாம், கல்லையும் சேர்த்து வெளுக்க வைத்துவிடும்.

பற்றுப் போடுவது ஏதோ பாட்டி வைத்தியம் என்று நினைக்காதீர்கள். தாஜ்மஹால் மஞ்சளடித்தபோது இந்தியத் தொல்லியல் துறை 1994இல் முல்தானி மட்டியைக் குழைத்துச் சுவரில் பூசித்தான் அழுக்கை எடுத்தது, அப்புறமும் பல தடவை அப்படியே செய்தார்கள்.

கேள்வி: காலையில் எழும்பிப் பார்த்தால் மார்பிள் தரை முழுக்க ஈரம். மேசன் பாஸ் தரையை உடைத்து மறுபடி போட வேண்டும் என்கிறார். செலவை நினைத்தால் தூக்கம் வரவில்லை.
– வாசகர், நுவரெலியா

பதில்: உடைக்க முதல், தரையைத் துடைத்துக் காய வைத்து இரண்டடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனுக்கு மேலே ஈரம் என்றால் அது பனி, குளிர்ந்த கல்லில் ஈரக்காற்று பட்டு வேர்க்கிறது. 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊரில் கல் வேர்க்காமல் என்ன செய்யும்? துடைத்துவிட்டுப் போகலாம். கீழே ஈரம் என்றால் நிலத்தில் இருந்து வருகிறது, அப்போது பாஸ் சொல்வதைக் கேட்கலாம், அதுவும் வேறு ஒரு பாஸிடம் விசாரித்த பிறகு.

கேள்வி: சீலர் அடித்தால் கறையே பிடிக்காது என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா, எப்போது அடிப்பது?
– வாசகர், பதுளை

பதில்: பாதி உண்மை தம்பி. சீலர் கல்லின் துவாரத்தை அடைக்கும், அதனால் எண்ணெயும் தேத்தண்ணியும் உள்ளே ஊறுவது குறையும். தேசிக்காய் பட்டால் மேலே வேகிறதைச் சீலர் தடுக்காது, அதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் பாருங்கள், அடியில் கல் கறுத்தால் சீலர் வேண்டும், முத்து மாதிரி நின்றால் இப்போதைக்குக் காசை மிச்சம் பிடியுங்கள்.

நேரம்தான் நம் பக்கத்தில் முக்கியம். ஈரக் கல்லில் சீலர் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு திட்டுத் திட்டாக வெளிறும். நான் சொல்கிற கணக்கு லேசானது: தேயிலைக்கு நல்ல சீசன் எப்போதோ அப்போது அடியுங்கள். ஊவா பக்கம் ஜூலையில் இருந்து செப்டெம்பர், டிம்புள்ள, ஹட்டன் பக்கம் ஜனவரியில் இருந்து மார்ச். வறண்ட காற்று கொழுந்துக்கு மணம் கொடுக்கிற அதே கிழமைகளில் கல்லும் உள்ளே வரைக்கும் காய்ந்திருக்கும்.

கேள்வி: பழைய வீடு ஒன்று வாங்கினோம். தரை மார்பிளா டைலா என்று தெரியவில்லை. தேசிக்காய் விட்டுப் பார்த்தோம், நுரைக்கவில்லை. அப்போது டைல்தானே?
– வாசகி, மாத்தளை

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் பக்கத்திலும் திகன பக்கத்திலும் கிடைக்கிற மார்பிளில் டொலமைட் என்கிற கனிமம் அதிகம், அது குளிர்ந்த அசிட்டில் லேசில் நுரைக்காது. சாறு விட்ட இடத்தைத் துடைத்துக் காய வைத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். மங்கியிருந்தால் மார்பிள். அலுமாரிக்கு அடியில்தான் விட்டீர்கள் என்று நம்புகிறேன், நடு விறாந்தையில் விட்டிருந்தால் மேலே ஹட்டன் அக்காவுக்குச் சொன்னதை முதலில் இருந்து வாசியுங்கள்.