பின் சக்கரத்தில் எண்ணெய் வழிந்தால் ஆக்சிலையே (பின் அச்சையே) மாற்ற வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 2002 பெரோடுவா கெம்பாரா ஜீப். கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் வண்டி வலது பக்கம் இழுத்தது, வீட்டுக்கு வந்து பார்த்தால் இடது பின் சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் எண்ணெய். மேடு பள்ளத்தில் பின்னால் 'டொக் டொக்' சத்தம் வேறு. போமென் (மெக்கானிக்), "ஆக்சில் போச்சு, கிள்ளானில் பழைய வண்டிகளை வெட்டி உதிரிபாகம் விற்கும் ஹாஃப்-கட் கடையில் முழு செட்டாக எடுத்துப் போட்டுவிடலாம்" என்கிறார். போடலாமா? (செந்தூல் வாசகர்)

பதில்: பொறுங்கள் ஐயா. முதலில் அந்த எண்ணெயை விரலில் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் அது டிஃபரன்ஷியல் எண்ணெய் (ஆக்சிலின் பற்சக்கரப் பெட்டியில் இருப்பது), ஆக்சில் முனையில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் இறங்கியிருக்கிறது. நீர்த்துப்போய் இருந்து, முன்னால் பிரேக் எண்ணெய் டப்பாவிலும் மட்டம் குறைந்திருந்தால் சக்கரத்தில் பிரேக் ஷூவை (டிரம்மில் உரசி நிறுத்தும் கட்டையை) தள்ளும் வீல் சிலிண்டர்தான் ஒழுகுகிறது. எப்படியானாலும் எண்ணெய் பட்ட இடது பக்கம் பிரேக் சரியாகப் பிடிக்காததால்தான் வண்டி வலது பக்கம் இழுத்திருக்கும். இரண்டுக்குமே முழு ஆக்சில் தேவையில்லை. கெம்பாரா தயாரிப்பு 2007-இலேயே நின்றுபோனது, ஹாஃப்-கட்டில் வரும் சீலுக்கும் ஏறக்குறைய உங்கள் வண்டியின் வயசுதான் இருக்கும், காசு கொடுத்து இன்னொரு ஒழுகலை வாங்கி மாட்டுவானேன்?

சீல்தான் என்றால் அதை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆக்சிலின் மேல் மூச்சுவிடும் சின்னக் குழாய் ஒன்று இருக்கும், அது சேற்றில் அடைத்துக்கொண்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெயைச் சீல் வழியாகவே வெளியே தள்ளும். பேரிங் தேய்ந்து, ஆக்சிலுக்குள் சுழலும் ஷாஃப்ட் ஆடினாலும் புது சீல் சீக்கிரமே ஒழுகும். எண்ணெயில் ஊறிய பிரேக் ஷூவைப் பெட்ரோலில் கழுவிப் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள், இரண்டு பக்கமும் புதுசு போடுங்கள். அப்படியே பிரேக் எண்ணெயையும் மாற்றுங்கள்: அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், டாட் 3 வகை பிரேக் எண்ணெய் புதிதாக 205 டிகிரியில் கொதிக்க வேண்டியது ஈரம் ஏறினால் 140 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், மலை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். இதெல்லாம் முடியும்வரை கெந்திங் பக்கம் போகாதீர்கள், முடிந்த பிறகும் சின்ன கியரில் இறங்குங்கள்.

சத்தம்? ஆக்சிலைப் பிடிக்கும் கம்பிகளின் முனையிலுள்ள ரப்பர் புஷ், இல்லையென்றால் குலுக்கலை அடக்கும் அப்சார்பர். புஷ் மாற்றும்போது போமென் பக்கத்திலேயே நில்லுங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே நட்டைக் கடைசிவரை இறுக்கிவிட்டால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு.

கேள்வி: பழைய சுசுகி ஜிம்னி ஜீப்பில் 2 இன்ச் உயரமான ஸ்பிரிங் போட்டேன், பின் சக்கரம் ஒரு பக்கம் மட்டும் வெளியே துருத்துகிறது. சேசிஸ் வளைந்துவிட்டதா? (பட்டர்வொர்த் வாசகர்)

பதில்: இல்லை தம்பி. ஆக்சிலைக் குறுக்கே பிடிக்கும் கம்பியின் நீளம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் கூடினால் ஆக்சில் ஒரு பக்கம் இழுபடத்தான் செய்யும். நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற கம்பி கிடைக்கிறது, அதைப் போட்டு நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.