அலுவலர் வருகிறார், மேசையைத் துடையுங்கள்: தலைமை ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்

(பதில் சொல்பவர்: நெல்லைச் சீமையில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்)

வட்டாரக் கல்வி அலுவலர் வந்தால் பதிவேடுகளைத்தான் கேட்கிறார். வகுப்பறையைப் பார்க்கச் சொல்லலாமா, ஐயா? (மானூர்)

தாராளமாகச் சொல்லுங்கள், தம்பி. பதிவேடுகளை மேசையில் அடுக்கி வைத்துக் காத்திருப்பது நாம்தானே! நான் அலுவலரை நேரே மூன்றாம் வகுப்புக்கு அழைத்துப் போவேன். "இந்தப் பையன் வாசிக்கத் திணறுகிறான், என்ன செய்யலாம்?" என்று கேட்பேன். ஒருவர் சாக்பீஸை வாங்கித் தாமே பாடம் நடத்தினார். இன்னொருவருக்குத் திடீரென ஒரு கூட்டம் நினைவுக்கு வந்தது.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவில் உட்காருகிறார். ஐந்து வகுப்புகள் என்னாவது? (அம்பாசமுத்திரம் பக்கம்)

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். ஒருவரை வெளியே இழுத்தால் பள்ளியில் பாதி காலி. இந்தக் கணக்கு, பயிற்சிக்குத் தேதி குறிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறே இல்லை. பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணிக்கு ஒருவரைக் கேட்டு முன்கூட்டியே எழுதுங்கள், அம்மா. "ஆள் இல்லை" என்று பதில் வந்தாலும் அது கோப்பில் இருக்கட்டும். எமிஸ் பதிவுக்குப் பாளையங்கோட்டைக்கும் மலைமேல் இருக்கும் காரையாறுக்கும் ஒரே "மாலை ஐந்து மணிக்குள்" என்று கெடு வைப்பதையும் எழுதிக் கேளுங்கள். மலையில் சிக்னல் சுற்றறிக்கைக்குக் கட்டுப்படாது.

எல்லா உத்தரவும் தொலைபேசியிலேயே வருகிறது. எழுத்தில் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா? (சேரன்மகாதேவி)

சிலர் கோபிப்பார்கள். கேட்கத்தான் வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை மீறிய நாட்களில் யாரும் கடிதத்துக்குக் காத்திருக்க முடியாது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று, ஒதுங்க வருபவர்களுக்குப் பள்ளிக் கதவைத் திறந்துவிட வேண்டியதுதான். தண்ணீர் வடிந்த பிறகுதான் கேள்வி கிளம்பும்: சாவி யார் கொடுத்தது, பெஞ்சு எப்படி உடைந்தது? வாயால் சொன்னவர் அதற்குள் மாறுதலில் போயிருப்பார். ஆகவே அன்றிரவே, "தாங்கள் தொலைபேசியில் கூறியபடி" என்று தொடங்கி நான்கு வரி அனுப்பிவிடுங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே உங்களுக்குக் குடை.

உதவி பெறும் பள்ளி எங்களுடையது. நியமன ஒப்புதல் கோப்பு ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் குறையுடன் திரும்புகிறது. (பாளையங்கோட்டை)

எல்லாக் குறைகளையும் ஒரே தடவையில் எழுதித் தரும்படி கேளுங்கள். அதற்கு மேல் நான் சொன்னால் பொல்லாப்பு.

ஆலங்குளத்துக்காரன் நான். பழக்கத்தில் இன்னும் திருநெல்வேலி அலுவலகத்துக்கே போய்விடுகிறேன்.

2019இலேயே தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. பஸ் மாறி ஏறுங்கள்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். கூரை ஒழுகுகிறது. கல்வி அலுவலரைக் கேட்டால் "என் கையில் இல்லை" என்கிறார். (களக்காடு)

பாதி உண்மை. கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள்தானே. தீர்மானம் போட்டு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்புங்கள், நகலைக் கல்வி அலுவலருக்குக் கொடுங்கள். ஓடு மாற்றுவது அவர் வேலையல்ல. ஆனால் மழைக்கு முன் அந்தக் கடிதத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகப் படியேறுவது அவர் வேலைதான்.